பிளக் பாயிண்டின் மேல் ஓட்டை: உங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லுங்கள்

மாடிவீடு_திண்டுக்கல்:

போன வைகாசியில் நடந்தது. இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. மத்தியானம் ஃபேன் நின்றது, கூடத்து லைட்டும் அணைந்தது. கரண்ட் போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இந்த நேரத்தில் பிரிட்ஜைத் துடைத்துவிடலாம் என்று அம்மா ஈரத்துணியோடு போனார். கதவில் கை வைத்ததும் ஒரு அலறல். பின்பக்கமாக விழுந்துவிட்டார். காலில் ரப்பர் செருப்பு இருந்தது, அதனால் பிழைத்தார்.

பக்கத்து வீட்டு அண்ணன் டெஸ்டரோடு ஓடிவந்தார். பிரிட்ஜ் கைப்பிடியில் வைத்தார், எரிந்தது. வீட்டில் ஒரு பல்புகூட எரியவில்லை, ஆனால் டெஸ்டருக்குள் அந்த ஆரஞ்சு வெளிச்சம். ஆயுத பூஜைக்கு அம்மா வைத்த சந்தனப் பொட்டு அதே கைப்பிடிக்கு மேலே காய்ந்து ஒட்டியிருந்தது. அந்தப் பொட்டையும் வெளிச்சத்தையும் ஒன்றாகப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

பிளக் பாயிண்டைக் கழற்றிப் பார்த்தால், மேல் ஓட்டைக்கு, கசிகிற கரண்டை மண்ணுக்குக் கொண்டுபோகிற எர்த் வயரே வரவில்லை. கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு விரல் நீளத்தில் ஒரு கறுப்பு வயர், அவ்வளவுதான். அன்றைக்கு மெயின் பக்கம் நியூட்ரல் கழன்றிருந்தது, கரண்டைக் கொண்டுவருகிற ஃபேஸ் மட்டும் அப்படியே வந்துகொண்டிருந்தது. பிரிட்ஜுக்குள் போன கரண்ட் திரும்ப வழியில்லாமல் அந்தத் துண்டு வயரில் ஏறி பாடிக்கு வந்து நின்றிருக்கிறது. “எர்த் எல்லாம் கொடுத்தாச்சு சார்” என்று வேலை முடித்தவர் சொன்னது காதிலேயே இருக்கிறது. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

கும்பகோணத்துக்காரன்:

எனக்கு எர்த் இல்லை, சுவிட்ச். உடைந்த சாக்கெட்டை மாற்ற உட்கார்ந்தேன். சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் திருகைத் தொட்டேன். அடுத்த நொடி முழங்கை சுவரில் மோதியது, திருப்புளி கூடத்தின் அந்தக் கோடியில் போய் விழுந்தது. ஃபேஸில் இருக்க வேண்டிய சுவிட்ச் நியூட்ரலில் இருந்திருக்கிறது. சுவிட்சை அணைத்தால் ஃபேன் நிற்கும், லைட் அணையும், எல்லாம் சரியாக இருப்பது போலத்தான் தெரியும். சாக்கெட்டில் மட்டும் 230 வோல்ட் காத்துக்கொண்டிருக்கும்.

அப்பா பதினைந்து வருஷம் அந்த பாயிண்டில் ரேடியோ போட்டுக் கேட்டார். என் மகள் அதில்தான் போன் சார்ஜ் போடுவாள். அதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை.

கம்பியாள்_சேலம்:

இருபத்திரண்டு வருஷமாக இதே தொழில், கம்பியாள் சான்றிதழ் இருக்கிறது. திண்டுக்கல் தம்பி, அம்மா பிழைத்தது பெரிய விஷயம். ஆனால் பழியை முழுக்க வேலை செய்தவர் மேல் போடாதீர்கள். ஒரு வீட்டில் பச்சை வயர் இழுக்க வேண்டும் என்று நான் சொன்னபோது, வீட்டுக்காரர் “அது எதுக்கு, அது இல்லாமலே எரியுதே” என்றார். நான் அந்த வேலையை விட்டுவிட்டேன். வேறு ஒருவர் வந்து முடித்தார். என்ன செய்து முடித்தார் என்று எனக்குத் தெரியும், அதுதான் என் வருத்தம்.

சரி, பாயிண்ட் மாட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். மெயினை இறக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும். கும்பகோணத்தார் சொன்ன மாதிரி சுவிட்சை நம்பவே கூடாது. மெயினை இறக்குவதற்கு முன்னாலேயே டெஸ்டரைக் கரண்ட் இருக்கிற பாயிண்டில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துவிடுங்கள், இறக்கிய அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது, செத்த வயரிலும் எரியாது, வித்தியாசம் தெரியாது.

முன்னால் நின்று பார்த்தால் வலது ஓட்டை ஃபேஸ், இடது ஓட்டை நியூட்ரல், மேலே எர்த். சாக்கெட்டைத் திருப்பினால் இடம் மாறிவிடும், புதுசாகச் செய்கிறவர் தவறுவது அங்கேதான். பின்னால் எல் (ஃபேஸ்), என் (நியூட்ரல்) என்று எழுத்து இருக்கும், அதைப் பார்த்து மாட்டுங்கள். சிவப்போ மஞ்சளோ நீலமோ ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பிரிட்ஜ், மிஷினோடு வருகிற வயரில் பழுப்பு ஃபேஸ், நீலம் நியூட்ரல், அதனால் நீலத்தைக் கண்டதும் முடிவு பண்ணிவிடாதீர்கள். வயரைத் திருகுக்குள் போகிற அளவுக்கு மட்டும் சீவி, இழைகளை முறுக்கி, இரண்டாக மடித்துச் சொருகுங்கள். ஒரு இழைகூட வெளியே நிற்கக் கூடாது. முறுக்கிய பிறகு ஒவ்வொரு வயரையும் பிடித்து இழுத்துப் பாருங்கள். கையோடு வந்தால் நல்லது, இப்போதே தெரிந்துவிட்டது.

16 ஆம்பியர் பாயிண்டுக்கு 2.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர், ஏ.சி., கீசருக்கு நான் 4 ஸ்கொயர் இழுக்கிறேன். பிளக்கில் எர்த் பின் மட்டும் நீளமாக இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சொருகும்போது அதுதான் முதலில் தொட வேண்டும், பிடுங்கும்போது அதுதான் கடைசியில் விட வேண்டும். அதை அறுத்துவிட்டு இரண்டு பின்னோடு மாட்டுகிறவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். எர்த் குழிக்குக் கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள், மண் காய்ந்தால் எர்த் சரியாக வேலை செய்யாது. கடைசியாக ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் ஒரு பல்பு போட்டுப் பாருங்கள், நன்றாக எரிந்தால் எர்த் நன்றாக இருக்கிறது.

லேப்_வாத்தியார்:

சேலம் அண்ணே, மற்றதெல்லாம் சரி, கடைசி வரியை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. திண்டுக்கல் வீட்டில் அந்தப் பல்பை வைத்திருந்தாலும் நன்றாகத்தான் எரிந்திருக்கும். எர்த் ஓட்டை நியூட்ரலோடு சேர்ந்திருக்கிறதே! பல்பு எரிந்ததைப் பார்த்து நாம் நிம்மதியாகக் கிளம்பிவிடுவோம், துண்டு வயர் உள்ளேயே இருக்கும்.

அந்தச் சோதனையை 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து கரண்டைத் துண்டிக்கிற சுவிட்ச்) உள்ள வீட்டில் செய்ய வேண்டும். 60 வாட் பல்பு 260 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். அது உண்மையான எர்த்துக்குப் போனால் ஆர்.சி.சி.பி. உடனே விழுந்தாக வேண்டும். விழாமல் பல்பு பளிச்சென்று எரிந்தால் அந்தக் கரண்ட் நியூட்ரலில் திரும்பி வருகிறது என்றோ ஆர்.சி.சி.பி. செத்துவிட்டது என்றோ அர்த்தம், இரண்டுமே ஆபத்து. இன்னொன்றும் இருக்கிறது. எர்த் எங்கேயோ அறுந்திருந்தால், சோதிக்கும் அந்த நிமிஷத்தில் வீட்டில் எர்த்தோடு சேர்ந்த எல்லா பாடியிலும் ஃபேஸ் ஏறிவிடும். அப்போது யாரும் பிரிட்ஜையோ வாஷிங் மிஷினையோ தொடக் கூடாது. இதை எலக்ட்ரீஷியன்தான் செய்ய வேண்டும்.

என் சொந்த அனுபவம் ஒன்றே ஒன்று. பயிற்சிக்கூடத்தில் ஒரு பையன் இதே துண்டு வயரைப் போட்டுவிட்டு, “சார், எல்லா வீட்டிலும் இப்படித்தானே போடுறாங்க” என்று என்னைக் கேட்டான். வேலைக்கு வந்த அண்ணனைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறான்.

அடுப்பங்கரை_சென்னை:

எங்கள் வீட்டில் மீன் சமைப்பதே கிடையாது. ஒரு வாரமாக அடுப்பங்கரையில் மீன் வாடை. ஜன்னலைச் சாத்தினேன், எதிர் வீட்டைச் சந்தேகப்பட்டேன், குப்பைக் கூடையைக் கழுவினேன். ஒரு நாள் சாம்பார் கொதிக்கும்போது இண்டக்‌ஷன் அடுப்பின் பிளக்கைப் பிடுங்கப் போனேன். கையைச் சுட்டது. சாக்கெட்டின் வெள்ளை முகத்தில் வலது ஓட்டையைச் சுற்றி மட்டும், தோசை ஓரம் முறுகினாற்போல் பழுப்பு வளையம். மீன் வாடை அதிலிருந்துதான் வந்திருக்கிறது. 2000 வாட் அடுப்பை 6 ஆம்பியர் பாயிண்டில், பெரிய பிளக்கைச் சின்ன பாயிண்டில் சொருக உதவும் கன்வர்ட்டர் வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அது 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவாக இழுக்கும் என்று அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இப்போது அந்தக் கன்வர்ட்டரைப் பார்த்தாலே அந்த வாடை வந்துவிடுகிறது.

கம்பியாள்_சேலம்:

வாத்தியார் சொன்னதை ஏற்கிறேன், அந்தச் சோதனையை அப்படித்தான் செய்ய வேண்டும். இத்தனை வருஷத்தில் எத்தனை வீட்டில் பல்பை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன் என்று ராத்திரி முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சென்னை அக்காவுக்கு: மீன் வாடை வந்தால் ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள், சாக்கெட் உள்ளே வேகும்போது அப்படித்தான் நாறும். ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் பழுத்திருந்தால் திருகு தளர்ந்ததும் காரணமாக இருக்கும். புது சாக்கெட் மட்டும் மாட்டினால் போதாது. வயரின் நுனி கறுத்த வரைக்கும் வெட்டிவிட்டு, உள்ளே வருவது எத்தனை ஸ்கொயர் என்று பாருங்கள். 1.5 ஸ்கொயர் வயரில் 16 ஆம்பியர் சாக்கெட் மாட்டினால் வேகிற இடம் சுவருக்குள் போய்விடும்.

நாகர்கோவில்_மழை:

எங்கள் வீட்டு ஆர்.சி.சி.பி. மழை பெய்தால் விழும். வந்தவர் பத்து நிமிஷத்தில் அதை பைபாஸ் பண்ணிவிட்டு, “இனிமே தொந்தரவு இருக்காது” என்று சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போய்விட்டார். கும்பகோணத்தாருக்குச் சொல்கிறேன், சுவிட்சைவிட இதுதான் மோசம். காவலுக்கு இருந்ததையே கழற்றி வைத்துவிட்டார். ஆறு மாதம் கழித்து வேறு ஒருவர் மொட்டைமாடி வாஷிங் மிஷின் பாயிண்டைத் திறந்தார். தகரப் பெட்டிக்குள் தண்ணீர் நின்றது, ஒரு பல்லி எர்த்துக்கும் ஃபேஸுக்கும் நடுவில் கருகிக் காய்ந்து கிடந்தது. அந்த ஆர்.சி.சி.பி. ஒவ்வொரு மழைக்கும் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. நாங்கள்தான் அதன் வாயை அடைத்துவிட்டோம்.

மாடிவீடு_திண்டுக்கல்:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை புது எலக்ட்ரீஷியனை வைத்து வீட்டில் இருந்த ஏழு பிளக் பாயிண்டையும் கழற்றினோம். நான்கில் அதே கறுப்புத் துண்டு. மீதி மூன்றில் மேல் ஓட்டைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. பச்சை வயர் இழுத்து, புதுக் குழி தோண்டி, ஆர்.சி.சி.பி.யும் போட்டாயிற்று. வாத்தியார் சொன்ன சோதனையை எலக்ட்ரீஷியனே செய்து காட்டினார், பல்பு கண்ணில் படுவதற்குள் ஆர்.சி.சி.பி. விழுந்தது.

நான்கு துண்டையும் ஒரு கவரில் போட்டுக் கீழ்வீட்டுக்காரரிடம் காட்டினேன். இரண்டு மாடிக்கும் வயரிங் செய்தவர் ஒருவர்தான். கீழ்வீட்டில் பிரிட்ஜ் திண்ணையோரம் இருக்கிறது, பேரன் தவழ்கிற வயது. எலக்ட்ரீஷியன் திருப்புளியைப் பையில் வைக்கவில்லை, அப்படியே படியிறங்கிப் போனார்.

அம்மா இன்னும் பிரிட்ஜைக் காய்ந்த துணி சுற்றித்தான் திறக்கிறார்.