ரெட்ரோஸ்பெக்டிவ்: "சுற்றலசல்" சரிவருமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒரு கட்ட வேலை முடிந்ததும் மென்பொருள் குழு கூடி, எப்படி வேலை செய்தோம், எதை மாற்றலாம் என்று பேசும் கூட்டம்தான் ரெட்ரோஸ்பெக்டிவ். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் நம் உரையாடலில் ஐயா ஒருவர் தந்த "பின்னோக்கல்", அக்கா ஒருவர் தந்த "மீள்பார்வை" இரண்டையும் நான் வேலை பார்க்கும் மென்பொருள் குழுவில் சொல்லிப் பார்த்தேன். பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நாங்கள் 8 பேர். பாதிப் பேருக்கு வீட்டில் தமிழ், மீதிப் பேருக்கு மலையாளம். "பின்னோக்கல்" என்றதும் மலையாளத் தோழர் ஒருவர் "திரிஞ்ஞுநோட்டம்தானே?" என்றார். புரிகிறது, ஆனால் பாதிப் பொருள்தான் வருகிறது. 2001-இல் 17 பேர் சேர்ந்து எழுதிய அஜைல் (மென்பொருளைச் சிறுசிறு கட்டங்களாகச் செய்யும் முறை) அறிக்கையின் 12-ஆவது கொள்கை, குழு அவ்வப்போது தன் வேலைமுறையை எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்த மாற்றம் சொல்லில் தெரிய வேண்டாமா? "மீள்பார்வை", செய்த மென்பொருளைக் காட்டிக் கருத்துக் கேட்கும் ரெவ்யூவோடு குழம்பும்.

முன்பு கோவையில் நான் வேலை பார்த்த இடத்தில் இந்தக் கூட்டத்துக்குப் பேரே "போஸ்ட்மார்ட்டம்". யார் தலை உருளுமோ என்று எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

குறித்த நாள்களுக்குள் முடிக்கும் ஒரு கட்ட வேலையான ஸ்பிரிண்டுக்குச் "சுற்று" என்று இங்கே ஏற்றுக்கொண்டோம். அதோடு "அலசல்" சேர்த்துச் "சுற்றலசல்" என்று வைக்கலாமா? சோப்புப் போட்டு அடித்துத் துவைப்பது வேறு, அலசுவது வேறு. மறுபடி உடுத்தத்தானே துணியை அலசுகிறோம். மலையாளத்தில் "அலக்கு" இருப்பதால் தோழரும் சட்டென்று பிடித்துக்கொண்டார்.

போன வெள்ளிக்கிழமை அந்தப் பேரிலேயே கூடினோம். சுவரில் "சோதனைக்கு" என்ற வரிசையில், வேலைக்கு ஒன்றாக ஒட்டும் அட்டைகள் 9 தேங்கியிருந்தன. "எல்லாத்தையும் கடைசி ரெண்டு நாள்ல கொண்டாந்து கொட்றீங்கண்ணா" என்றார், சோதனை பார்க்கும் தங்கை. இதுவரை அவர் கூட்டத்தில் பேசியதே இல்லை. சரி, அந்த வரிசையில் 3 அட்டைக்கு மேல் நிற்கக் கூடாது, நிறைந்துவிட்டால் நிரல் எழுதுகிறவரும் சோதனைக்கு உட்கார வேண்டும் என்று முடிவு செய்தோம். ஒரு சுற்றுக்கு இந்த ஒரு மாற்றம் போதும். ஐந்தாறு எழுதிவைத்தால் ஒன்றும் நடப்பதில்லை.

பத்திரிகைகளில் "அரசியல் அலசல்" என்று அடிபட்ட சொல்லாயிற்றே என்று ஐயா கேட்கக்கூடும். முன்னால் "சுற்று" நிற்பதால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். அப்புறம், வினையாகவும் இயல்பாக வருகிறது: "இந்தச் சுற்றை அலசிட்டோமா?"

தொகுப்பில் சேர்க்கும் முன், ஈழத்து நண்பர்கள் அங்கே "அலசுதல்" எந்தப் பொருளில் வழங்குகிறது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.