மறுமொழி: ‘ஏர் பிரிசம்ப்டிவ்’ (heir presumptive: இன்று அடுத்த உரிமை உடையவர், ஆனால் நெருங்கிய வாரிசு பிறந்தால் பின்னுக்குப் போகிறவர்) – தமிழில் என்ன?

> ‘ஊக வாரிசு’ போதுமே. பிரிசம்ப்ஷன் என்றால் ஊகம்தானே?

ஐயா, ஹாமில்டன் குடும்பக் கொடிவழிப் படத்தில் வைத்துப் பார்த்தால் அது இடறுகிறது. ஆரனின் 2ஆம் ஏர்ல் (ஏர்ல் என்பது பிரபுப் பட்டம்) ஜேம்ஸ் ஹாமில்டன், சுருக்கமாக ஆரன், ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸின் மகள் இளவரசி மேரிக்குப் பேரன். 1542 டிசம்பரில் ஐந்தாம் ஜேம்ஸ் இறந்தபோது ஆரனுக்கும் அரியணைக்கும் நடுவே இருந்தது ஆறு நாள் பெண் குழந்தை ஒன்றுதான், அதாவது அரசி மேரி. இதில் ஊகம் ஏது? அன்றைய தேதியில் அடுத்த உரிமை அவருடையது. அரசிக்குப் பிள்ளை பிறந்தால் பின்னுக்குப் போவார், அவ்வளவே.

சந்தேகம் இருந்தது வேறிடத்தில். ஆரனின் தந்தை முதலில் மணந்தது எலிசபெத் ஹோமை. அந்த அம்மாளின் முந்தைய கணவர் உயிரோடிருந்தார் என்று காட்டி 1504இலும் மறுபடி 1510இலும் அந்த மணத்தை முறித்தார்கள். அதன்பின் மணந்த ஜேனட் பீட்டனுக்குப் பிறந்தவர் இவர். முறிவு செல்லாதென்றால் இவருக்கு உரிமையே கிடையாது. இளவரசி மேரியின் மகள்வழியில் வந்த லெனக்ஸ் ஏர்ல் முன்னுக்கு வந்துவிடுவார். லெனக்ஸ் தரப்பு பிடித்துக்கொண்டதும் இதைத்தான். ‘ஊக வாரிசு’ என்றால் வாசகர் இந்த வழக்கைத்தான் நினைப்பார்.

> அப்படியானால் ‘நிலையா வாரிசு’?

ஆளே நிலையில்லாதவர் என்று படும். (ஆரனுக்கு அதுவும் பொருந்தும்! 1543 ஜூலையில் இங்கிலாந்தோடு கிரீனிச் உடன்படிக்கை, செப்டம்பரில் அதை எதிர்த்த கார்டினல் பீட்டன் பக்கம்.) ‘இடைக்கால வாரிசு’ இன்னும் மோசம்: குழந்தை அரசிக்காக ஆட்சி நடத்தியவரும் இவரே, இரண்டும் குழம்பும். ‘மாறுநிலை’யை இயற்பியல்காரர்கள் எடுத்துக்கொண்டாயிற்று.

என் முன்மொழிவு ‘முந்தத்தகு வாரிசு’, அதாவது பிறர் முந்திவிடக்கூடியவர். ஏர் அப்பேரன்ட்டுக்கு (heir apparent: யார் பிறந்தாலும் முந்த முடியாத வாரிசு) ‘உறுதி வாரிசு’.

> ‘முந்தவியலா வாரிசு’ என்றால் இணையாக இருக்குமே?

இருக்கும், ஆனால் படத்தில் இரண்டுமே மு.வா. ஆகிவிடும். உ.வா., மு.வா. என்றால் தொல்லையில்லை.

மு.வா. பக்கத்தில் ஆண்டு கட்டாயம். 1540இல் ஐந்தாம் ஜேம்ஸுக்கு மகன் பிறந்ததும் ஆரன் பின்னே போனார். 1541இல் இளவரசர்கள் இருவரும் இறந்ததும் முன்னே வந்தார். 1566இல் அரசி மேரிக்கு மகன் பிறக்க மறுபடி பின்னே. அடுத்த ஆண்டு அந்தக் குழந்தையே ஆறாம் ஜேம்ஸாக முடிசூடியதும் மீண்டும் முன்னே. உரிமை வழக்கின் கேள்விக்குறியை ஆரன் பெட்டியில் போடாதீர்கள். தகராறு தந்தையின் முதல் மணத்தைப் பற்றியது. படத்தில் அந்த மணத்தைக் குறிக்கும் கோட்டைத் துண்டுக்கோடாக்கி 1504, 1510 என்று எழுதினால் போதும்.