ஆபீசில் இரண்டு வகை ஐபி வருகிறது, உதவுங்கள்

நண்பர்களே, எங்கள் ஆபீசில் 40 கம்ப்யூட்டர். திங்கட்கிழமையிலிருந்து பாதிக்கு நெட் இல்லை. சிலவற்றில் 169.254 என்று தொடங்கும் ஐபி (நெட்வொர்க் முகவரி). ஐபி வழங்கும் டிஎச்சிபி சர்வர் பதில் தரவில்லை, அதனால் மெஷினே தனக்கு ஒன்றை வைத்துக்கொள்கிறது, அது புரிகிறது. சர்வரின் பூலில் (கொடுப்பதற்கான தொகுப்பில்) 50 முகவரிதான், லீஸ் (ஒரு முகவரியை ஒருவருக்கு ஒதுக்கும் காலம்) 8 நாள், எல்லோருடைய போனும் அதில்தான், தீர்ந்திருக்கலாம்.

ஆனால் அக்கவுண்ட்ஸ் பக்கம் இரண்டு மெஷினில் மட்டும் 192.168.0.105, 106 என்று வருகிறது. எங்களுடையது 192.168.10 வரிசை. யாரோ வீட்டு வைஃபை ரூட்டரைக் கொண்டுவந்து செருகியிருக்க வேண்டும், அதுவும் ஐபி கொடுக்கிறது. கேட்டால் எல்லோரும் "நான் இல்லை சார்"!

ரிலீஸ், ரினியூ (ஐபியை விட்டுவிட்டுப் புதிதாகக் கேட்பது) கொடுத்தால் ஒரு தடவை சரியாகிறது, அப்புறம் பழைய கதைதான். ஏஆர்பி பட்டியலில் (எந்த ஐபி எந்தக் கருவியுடையது என்ற பட்டியல்) அந்த கேட்வேயின், அதாவது அந்த ரூட்டரின், மேக் முகவரி (கருவியின் அடையாள எண்) கிடைத்துவிட்டது. கேபிள்களை இணைக்கும் நெட்வொர்க் ஸ்விட்ச் எல்லாம் சாதா ரகம், அது எந்த போர்ட்டில் இருக்கிறது என்று காட்டாது. அந்த ரூட்டருக்கு பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டு ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி உண்டா?