புதுப்பிப்பு: பெரியம்மாவைச் சேர்க்கவிருந்த முதியோர் இல்லம்

போன வாரம் கேட்டிருந்தேன், நினைவிருக்கும்: இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வீட்டையே இல்லமாக நடத்துகிறார்கள், பெரியம்மாவைச் சேர்க்கலாமா என்று. "முதலில் பதிவுச் சான்றிதழைக் கேள் தம்பி" என்று சொன்ன அக்காவுக்கு நன்றி.

கேட்டேன். நகராட்சி கொடுத்த சுகாதாரத் தாளைக் காட்டினார்கள். அது போதாது. 2006-ஆம் ஆண்டின் 13-ஆம் எண் முதியோர் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. முதியோரைத் தங்கவைத்து 24 மணி நேரமும் கவனிக்கும் இடம் எதுவானாலும் சமூக மேம்பாட்டுத் துறையில் பதிந்திருக்க வேண்டும்; பதியாமல் நடத்துவது குற்றம். அந்தச் சட்டப்படி 60 வயதான பெண்ணும் 65 வயதான ஆணும் முதியோர்.

எனக்கு உறைத்தது வேறொன்று. தானே முடிவெடுக்கும் மனநிலையில் இருப்பவரை அவர் சம்மதமில்லாமல் சேர்க்க அந்தச் சட்டப்படி முடியாது. நாங்கள் ஆளாளுக்குப் பேசினோம், பெரியம்மாவிடம் யாருமே கேட்கவில்லை. நேற்றுப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "கோயில் மணி கேக்கிற இடமா இருந்தா வர்றேன்பா" என்றார்.

அந்த வீட்டை விட்டுவிட்டோம். பதிவுள்ள இன்னொரு இல்லத்தைத் திங்கட்கிழமை பார்க்கப் போகிறோம், பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு.