இரவு மின்சார ரயிலில் தங்கை தனியாக வருகிறாள், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மீனா, திருநின்றவூர்:

வணக்கம். என் தங்கைக்குப் புரசைவாக்கத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதும் வேலை. கடை சாத்திவிட்டு, சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் நிலையத்துக்கு வந்து சேர மணி பத்தாகிவிடுகிறது. அங்கிருந்து திருநின்றவூருக்கு மின்சார ரயில்.

போன வாரம் கதவோரம் நின்று என்னிடம் போனில் பேசிக்கொண்டு வந்தாள். பேசின் பிரிட்ஜ் தாண்டி வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. தண்டவாள ஓரத்தில் நின்ற ஒருவன் கம்பால் அவள் கையில் ஓங்கி அடித்தான். போன் கீழே விழுந்தது, அவன் எடுத்துக்கொண்டு ஓடிவிட்டான். மணிக்கட்டு வீங்கிப்போய் வந்தாள். நல்லவேளை, இன்னொரு கையால் கம்பியைப் பிடித்திருந்தாள். அப்பா வேலையை விடச் சொல்கிறார். அவளுக்கு விட மனமில்லை, எனக்கும் அவள் விடக்கூடாது என்றுதான் இருக்கிறது.

லேடீஸ் பெட்டியில் ஏறச் சொல்கிறேன். ஆனால் ஆவடிக்கு அப்புறம் அதில் யாருமே இல்லை என்கிறாள். அப்படியும் அதிலேயே வருவது சரியா? அப்புறம், போலீசில் புகார் கொடுக்கப் போனால் "தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுங்கள்" என்றார்கள். அப்படியே எழுதிக் கொடுத்துவிடலாமா?

சாந்தி, வேப்பம்பட்டு:

மீனா, நான் ஆஸ்பத்திரியில் நர்ஸ். 16 வருடமாக இதே தடத்தில் இரவு ஷிப்டுக்குப் போய் வருகிறேன். உங்கள் தங்கை வேலையை விட வேண்டாம்.

முதலில் பெட்டி. லேடீஸ் பெட்டியில் பத்துப் பேர் இருந்தால் அதைப்போல நிம்மதி வேறு இல்லை. ஒருவரும் இல்லை என்றால் அது பூட்டாத காலி அறை, அவ்வளவுதான். வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று பெரிய நிலையங்களில் கூட்டம் இறங்க இறங்க நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே வருவேன். ஆள் குறைந்தால் அடுத்த நிலையத்திலேயே இறங்கி, குடும்பத்தோடு வருகிறவர்கள் இருக்கும் பொதுப் பெட்டிக்கு மாறிவிடுவேன். நேரம் கிடைத்தால் வண்டியின் கடைசியில், ரயில்வே கார்டு இருக்கும் பக்கமாகப் போவேன். அவர் கையில் வாக்கி-டாக்கி உண்டு, ஒரு குரல் கொடுத்தால் கேட்கும். சில இரவுகளில் ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) பெண் காவலர்கள் லேடீஸ் பெட்டியில் வருகிறார்கள். அவர்களைப் பார்த்தால் எந்த நிலையத்தில் இறங்குகிறேன் என்று சொல்லிவைப்பேன்.

அடுத்தது கதவு. வெயில் காலத்தில் காற்றுக்காக நிற்கத் தோன்றும், எனக்கும் தெரியும். ஆனால் பேசின் பிரிட்ஜிலிருந்து பெரம்பூர் வரை வண்டி சிக்னலுக்காக நின்று நின்று போகும். அந்த இடத்தில் போன் கைப்பைக்குள் இருக்கட்டும். ஜன்னலோர இருக்கையிலும் அப்படித்தான். வண்டி நடைமேடையை விட்டுக் கிளம்பும் நொடியில் போனைப் பறித்துக்கொண்டு குதிக்கிறவர்களை நானே மூன்று தடவை பார்த்திருக்கிறேன். பிடுங்கினால் விட்டுவிடச் சொல்லுங்கள். இழுபறியில் கீழே விழுந்தவர்களுக்கு நான் வார்டில் கட்டுப் போட்டிருக்கிறேன்.

2016 ஜூனில் நுங்கம்பாக்கம் நிலையத்தில் ஓர் இளம்பெண் காலை நேரத்தில், நடைமேடையில் ஆட்கள் இருக்கும்போதே வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நிலையத்தில் அப்போது கண்காணிப்புக் கேமரா கூட இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. சுற்றி ஆள் இருந்தால் மட்டும் போதாது, நம் பெயர் தெரிந்த ஆள் இருக்க வேண்டும். அதனால் தினமும் ஒரே வண்டியில், ஒரே பெட்டியில் ஏறச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் முகங்கள் பழகிவிடும். எங்கள் வண்டியில் பூக்கார அம்மா ஒருவர் உண்டு. ஒரு நாள் நான் வரவில்லை என்றால் மறுநாள் "ஏம்மா நேத்து காணோம்" என்பார்.

ரவி, பெரம்பூர்:

சகோதரி, இரண்டாவது கேள்விக்கு நான் சொல்கிறேன். "தொலைந்தது" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். அடித்துப் பறித்தது வழிப்பறி, தொலைந்தது ஆகாது. ஓடும் வண்டியில் நடந்ததை விசாரிப்பது ரயில்வே போலீஸ். சென்ட்ரலிலும் பெரம்பூரிலும் அவர்களுக்குக் காவல் நிலையம் இருக்கிறது. எல்லையைக் காரணம் காட்டி யாரும் திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், எங்கே நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்று இருக்கிறது. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சிஎஸ்ஆர் ரசீதோடு திரும்பிவிடாமல், வழக்குப் பதிந்த எஃப்ஐஆர் நகல் கேளுங்கள், அது இலவசம். வீங்கிய மணிக்கட்டுக்கு வைத்தியம் பார்த்த சீட்டையும் கொண்டுபோங்கள்.

அதற்கு முன் சிம்மை முடக்கி, வங்கிக்கும் சொல்லிவிடுங்கள். அதே எண்ணில் புது சிம் வாங்கினால்தான் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் போனை முடக்கும்போது ஓடிபி வரும். அங்கே கேட்கும் ஐஎம்இஐ எண், அதாவது போனின் அடையாள எண், போன் வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும், பில்லிலும் இருக்கலாம்.

கவிதா, கொரட்டூர்:

ஏதாவது நடந்தால் உடனே சங்கிலியை இழுத்துவிடலாமே?

சாந்தி, வேப்பம்பட்டு:

உண்மையான ஆபத்துக்கு இழுத்தால் தப்பில்லை கவிதா, காரணமில்லாமல் இழுத்தால்தான் தண்டனை. ஆனால் இரண்டு நிலையங்களுக்கு நடுவே இழுத்தால் வண்டி இருட்டில் நின்றுவிடும். வம்பு செய்கிறவன் இறங்கி ஓட அதுவே வசதி, உதவிக்கு ஆளும் வராது. இந்தத் தடத்தில் மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு நிலையம் வந்துவிடும். அதுவரை ஆட்கள் பக்கம் போய் நின்று, சத்தம் போட்டு, ரயில்வே உதவி எண் 139க்கு அழைத்து 1ஐ அழுத்துவேன். வண்டி நடைமேடைக்குள் வந்ததும் கார்டை நோக்கி ஓடுவேன். ஆளே இல்லாத பெட்டியில் ஒருவன் கையைப் பிடித்துவிட்டால் மட்டும் யோசிக்காமல் இழுக்க வேண்டும்.

மீனா, திருநின்றவூர்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று தங்கையும் நானும் பெரம்பூர் போனோம். மருத்துவச் சீட்டைக் காட்டியதும் வழிப்பறி என்றே எழுதிக்கொண்டார்கள், எஃப்ஐஆர் நகல் கையில் இருக்கிறது. பழைய போன் ஒன்றில் புது சிம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அப்பா இன்னும் முழுசாகச் சமாதானமாகவில்லை. தினமும் ராத்திரி ஸ்டேஷன் வாசலில் சைக்கிளோடு வந்து நிற்பதாகச் சொல்லிவிட்டார். சாந்தி அக்கா, நீங்கள் ஷிப்ட் முடிந்து வரும் வண்டி எது, எந்தப் பெட்டியில் ஏறுவீர்கள் என்று எனக்குத் தனியாக எழுத முடியுமா? அதே வண்டியில் அவளையும் ஏறச் சொல்கிறேன்.