மறு: ராயல்டிக்கு 'உரிமத்தொகை' போதுமா?

> எல்லா ராயல்டிக்கும் உரிமத்தொகை என்றே வைத்துவிடலாமே, ஏன் சிக்கலாக்க வேண்டும்?

அண்ணே, ராயல்டிக்கு, அதாவது படைப்பைப் பயன்படுத்தும்போது கலைஞருக்கு வருகிற காசுக்கு, தமிழ்ச்சொல் தேடுவதைச் சிக்கலாக்குவது நானில்லை, அந்தக் காசு வருகிற வழியே அப்படி. உரிமம் என்றால் லைசென்ஸ் என்று ஊரெல்லாம் பழகிவிட்டது. அதனால் உரிமத்தொகை என்றதும் பாட்டுப் போடுவதற்கு வானொலியோ ஓட்டலோ கட்டுகிற பணம்தான் நினைவுக்கு வரும். அதிலிருந்து பாடியவர், வாசித்தவர் கைக்கு வந்து சேர்வது வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால் ஒப்பந்தத்தைத் தமிழாக்குகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

இன்னொன்று, யாருடைய ராயல்டி என்பதும் சொல்லிலேயே தெரிய வேண்டும். பாட்டு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கம் வாங்கித் தருகிறது. பாடகர்கள் தங்களுக்கென்று தனிச் சங்கம் வைத்து 2013இல் பதிவு செய்தார்கள், இப்போது அது இஸாம்ரா. பாடியோ வாசித்தோ நடித்தோ காட்டுகிறவர்தான் நிகழ்த்துநர்; அவருக்கான உரிமை நம் பதிப்புரிமைச் சட்டத்துக்குள் வந்ததே 1994 திருத்தத்தில். தான் பாடியதையோ நடித்ததையோ படத்தில் சேர்த்துக்கொள்ளச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகும் வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி உண்டு என்பது 2012இல்தான் வந்தது. அமெரிக்காவில் இன்னும் வேடிக்கை: சாதாரண பண்பலையில் பாட்டு ஓடினால் எழுதியவருக்குக் காசு உண்டு, பாடியவருக்குச் சல்லிக்காசு கிடையாது! இணைய வானொலி, செயற்கைக்கோள் வானொலி என்றால் சவுண்ட்எக்ஸ்சேஞ்ச் என்ற அமைப்பு வசூலித்துப் பதிவின் உரிமையாளருக்கு 50%, முதன்மைக் கலைஞருக்கு 45%, கூட வாசித்தவர்களுக்கும் கோரஸுக்கும் 5% என்று பிரிக்கிறது. அங்கே பிரிப்பதே பங்குதானே, அதனால் என் ஓட்டு 'நிகழ்த்துநர் பங்கு' என்பதற்கு.

> இசைஞர் பங்கு என்றால் இன்னும் அழகாக இருக்குமே?

அழகுதான், ஆனால் சட்டத்தில் நிகழ்த்துநர் பட்டியலைப் பாருங்கள்: நடிகர், பாடகர், நடனக்காரர், கழைக்கூத்தாடி, மந்திர வித்தைக்காரர், பாம்பாட்டி, சொற்பொழிவாளர் வரை போகிறது. பாம்பாட்டியை இசைஞர் என்று மகுடியை வைத்துச் சமாளிக்கலாம், கழைக்கூத்தாடியை என்ன செய்வது?

அந்த 5% ஆட்களுக்குப் 'பக்கவாத்தியம்' என்று ஒருவர் போட்டிருந்தார். கச்சேரிக்குச் சரி. மேடையில் வயலினும் மிருதங்கமும் பெயர் சொல்லி உட்கார்ந்திருக்கும். ஸ்டுடியோவில் வரிசையாக உட்கார்ந்து ஒரே வரியை வாசித்துவிட்டு அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு போகிற வயலின்காரர்களை அப்படிச் சொல்ல முடியாது, கோரஸ் பாடுகிறவர் வாத்தியமும் இல்லை. 'உடன்கலைஞர்' போதும். இவர்களுக்குத்தான் சொல் திருத்தமாக வேண்டும், ஏனென்றால் படத்தில் தற்செயலாகத் தலைகாட்டி, தொழில் வழக்கப்படி டைட்டிலிலும் பெயர் வராதவரைப் பங்கு விஷயத்தில் நிகழ்த்துநராகவே கொள்ளாத ஒரு விதிவிலக்கும் 2012 திருத்தத்திலேயே இருக்கிறது.

'இந்தக் காலாண்டுக்கு நிகழ்த்துநர் பங்கு இன்னும் வரவில்லை' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். எனக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால் மாற்றுச் சொல்லோடு வாருங்கள், கொஞ்ச நாளைக்கு அடைப்புக்குறியில் ராயல்டி என்றும் போட்டுக்கொள்ளலாம். அப்புறம், இந்த வகை உரிமைகளை ஆங்கிலத்தில் 'நெய்பரிங் ரைட்ஸ்' என்பதை அப்படியே பெயர்த்த அந்த 'அண்டை உரிமை' மட்டும் வேண்டவே வேண்டாம், வரப்புத் தகராறு மாதிரி இருக்கிறது. அதைத் தனி இழையில் பேசுவோம்.