ஐம்பதுக்கு மேல் சாதித்தவர்கள்: அந்தக் கதைகள் யாருக்கு உதவுகின்றன?

செம்பூர் வாசகர்:

மும்பைத் தமிழர்களிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும். போன ஞாயிறு எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்றவர்களுக்காக ஒரு கூட்டம் போட்டார்கள். பேச வந்தவர், வயதான பிறகு சாதித்தவர்களைப் பற்றியே முழு நேரமும் பேசினார். கேஎஃப்சி சாண்டர்ஸ் 65 வயதில் ஒன்றுமில்லாமல் ஆரம்பித்தார், அழகுசாதனப் பொருள் விற்கும் நைகா கம்பெனியின் ஃபால்குனி நாயர் ஐம்பதை நெருங்கும்போது வேலையை விட்டார், நீங்களும் துணிந்து இறங்குங்கள் என்றார். கூட்டம் முடிந்ததும் பக்கத்து பில்டிங்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்து சமீபத்தில் ஓய்வு பெற்றவர். பி.எஃப். பணத்தை எடுத்து இட்லி மாவு வியாபாரத்தில் போடலாமா என்று கேட்கிறார். அவர் இதுவரை ஒரு கிலோ மாவு விற்றதில்லை.

இந்தக் கதைகளைப் பாதியில் இருந்து சொல்வதுதான் எனக்குக் கோபம். சாண்டர்ஸ் 1930 முதலே கென்டக்கியில் கோர்பின் என்ற ஊரில் சாலையோரம் சாப்பாடு விற்றவர். கோழியை பிரஷரில் வறுக்கும் முறையை 1940 வாக்கிலேயே பிடித்துவிட்டார். வேறொருவருக்கு முதல் உரிமம் கொடுத்தது 1952-இல். அப்புறம் புது நெடுஞ்சாலை ஊரைத் தொடாமல் போனதும் ஆள் வரத்து நின்றது, கடையை விற்றார், அந்த வயதில் காரை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பினார். கையில் காசு இல்லாமல் இருந்திருக்கலாம். இருபத்தைந்து வருட அடுப்பு அனுபவம் இருந்ததே?

ஃபால்குனி நாயரும் அப்படித்தான். 2012-இல் நைகாவைத் தொடங்கும் முன் கோட்டக் வங்கிக் குழுமத்தில் இருபது வருடத்துக்கு அருகில் முதலீட்டு வங்கி வேலை பார்த்தவர். மற்றவர்களின் கம்பெனிகளைப் பங்குச்சந்தைக்குக் கொண்டுபோவது அவர் தொழில். 2021-இல் தன் கம்பெனியைக் கொண்டுபோனார். அவருடைய உழைப்பை நான் குறைக்கவில்லை. ஆனால் அவர் கதையைக் காட்டி, ஒன்றும் தெரியாத தொழிலில் ஒருவருடைய கடைசிச் சேமிப்பைப் போடச் சொல்வது பாவம்.

மாட்டுங்கா ரசிகை:

உங்கள் கோபம் நியாயம் சார். ஆனால் அதற்காகக் கதைகளையே வேண்டாம் என்பீர்களா? ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவர்கள் நாம். அறுபது வயதுப் பெண்மணி ஒருவர் புதிதாக ஏதாவது கற்றுக்கொள்கிறேன் என்றால், "இனிமேல் எதற்கு? பேரனைப் பார்த்துக்கொள், கோயிலுக்குப் போ" என்பதுதான் வீட்டில் வரும் முதல் பதில். அந்தக் குரலுக்கு எதிராகச் சொல்ல அவருக்கு நாலு பெயராவது வேண்டாமா?

நம் ஊரிலேயே பாருங்கள். தளபதியில் 1991-இல் ரஜினிக்கு எதிரே நின்ற அம்ரிஷ் பூரி, இளவயதில் நடிகருக்கான தேர்வில் தோற்றுப்போய் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். சினிமாவில் காலூன்றியது நாற்பதை ஒட்டித்தான். ஏ.கே. ஹங்கல் தையல்காரர், சிறை சென்ற சுதந்திரப் போராட்டக்காரர், ஹிந்திப் படத்துக்கு வந்தது 1966-இல், 52 வயதில். போமன் இரானி தாஜ் ஹோட்டலில் பரிமாறியவர், அம்மாவின் பேக்கரிக் கடையில் நின்றவர், போட்டோ எடுத்தவர். பெரிய வேடம் கிடைத்தது 2003-இல், 44 வயதில். இவர்களிடம் யாராவது "உன் வயது போய்விட்டது" என்று சொல்லி, அவர்களும் கேட்டிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

செம்பூர் வாசகர்:

நீங்கள் சொன்ன மூன்று பேரும் என் கட்சிக்குத்தான் சாட்சி. அம்ரிஷ் பூரி ஆபீஸ் முடிந்து மாலையில் சத்யதேவ் துபேயின் நாடக ஒத்திகைக்குப் போனவர், அதுவும் வருடக்கணக்கில். ஹங்கலுக்கு இப்டா நாடகக் குழு. போமன் இரானி இருபதுகளிலேயே நடிப்புப் பயிற்சி எடுத்தவர். ஐம்பதில் யாரும் திடீரென்று வளையவில்லை. தினமும் கொஞ்சம் வளைத்துக்கொண்டே இருந்தார்கள், நாம் பார்த்தது தாமதமாக. கூட்டத்தில் பேசுகிறவர் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அந்த இருபது வருடத்தையும் சொல்லட்டும், நானே கைதட்டுகிறேன்.

முலுண்ட் லெக்ஸ்பின்:

பிரவீன் தாம்பே பெயர் இன்னும் வரவில்லையே! எங்கள் ஏரியாக்காரர், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

2013 மே மாதம் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்காக ஐ.பி.எல்.லில் இறங்கியபோது அவருக்கு வயது 41. அதற்கு முன் ஒரு முதல்தர ஆட்டம்கூட ஆடியதில்லை. ரஞ்சியில் மும்பைக்காக ஆடும் வாய்ப்பே அதற்குப் பிறகுதான் வந்தது. சாதாரணமாக இது நேர்மாறாக நடக்கும், ரஞ்சியில் பேர் வாங்கியவனைத்தான் ஐ.பி.எல். கூப்பிடும். அதே வருடம் சாம்பியன்ஸ் லீகில் எல்லோரையும்விட அதிக விக்கெட் அவருக்கு. அடுத்த வருடம் கொல்கத்தாவுக்கு எதிராக ஹாட்ரிக்.

அதுவரை எங்கே இருந்தார்? மும்பை மைதானங்களில்தான். கம்பெனி அணி, கிளப் அணி, காங்கா லீக். காங்கா லீக் தெரியாதவர்களுக்காக: 1948 முதல் மழைக்காலத்தில் நடக்கும் போட்டி. ஈரப் பிட்ச், சேறு, எப்போது பந்து எழும், எப்போது தவழும் என்று தெரியாது. முதலில் வேகப்பந்து போட்டவர், பிறகு லெக்ஸ்பின்னுக்கு மாறினார். வருடா வருடம் ரஞ்சித் தேர்வில் கழித்துக்கட்டப்பட்டவர், அடுத்த சனிக்கிழமை மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு லோக்கலில் ஏறினார்.

செம்பூர் சார், உங்கள் வாதத்தில் எனக்கு உடன்படாதது ஒன்று. "இருபது வருடம் செய்தவன் ஜெயித்தான்" என்கிறீர்கள். இருபது வருடம் லீக் ஆடி ஒன்றும் ஆகாமல் போனவர்கள் எனக்கே பலரைத் தெரியும், திறமையில் குறைந்தவர்கள் அல்ல. ராகுல் திராவிட் மாதிரி பிறந்த தேதியைப் பார்க்காமல் பந்தைப் பார்த்த ஒரு கேப்டன் வேண்டியிருந்தது. தயாரிப்பு மட்டும் போதாது. கதவருகே நிற்பவர் திறக்க வேண்டும்.

தாராவிக்காரன்:

அண்ணன் கதவு என்று சொன்னதால் எழுதுகிறேன். இங்கே பேசுகிற எல்லாரும் ஓய்வு என்று ஒன்று எல்லாருக்கும் வரும் என்று வைத்துக்கொண்டு பேசுகிறீர்கள். எங்கள் தெருவில் யாருக்கும் அது வருவதில்லை. தோல் பட்டறையில் இருந்தவருக்கு பி.எஃப். பிடித்திருந்தாலே பெரிய விஷயம். பிடித்திருந்தாலும், அந்த ஓய்வூதியத் திட்டத்தில் 2014-இல் வைத்த குறைந்தபட்சத் தொகை மாதம் 1000 ரூபாய். அதில் என்ன கனவு காண்பது? பத்லாப்பூரில் இருந்து தினம் மூன்று மணி நேரம் லோக்கலில் நின்றுகொண்டு போய் வருகிறவன் எந்த மாலையில் நாடகம் பழகுவான்?

இன்னொன்று. தாமதமாகச் சாதித்ததையும் தாமதமாகக் கவனிக்கப்பட்டதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறோம். தேக்கம்பட்டி பாப்பம்மாளுக்கு 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது 105 வயது. உடனே "105-இல் சாதித்த பாட்டி" என்று போட்டார்கள். அவர் வாழ்நாள் முழுக்க வயற்காட்டில் உழைத்தவர். கோவை நானம்மாள் சிறுவயதிலிருந்தே யோகா செய்தவர், 2018-இல் பத்மஸ்ரீ வந்தபோது வயது 98. அத்தனை வருடம் பார்க்காமல் இருந்தது அரசும் பத்திரிகைகளும். அதைச் சொல்லாமல், பாட்டியின் உற்சாகத்தை மட்டும் பாராட்டினால் பழி யார் மேலும் விழாது.

என் அம்மாவுக்கு அறுபதைத் தாண்டி வெகுநாள் ஆகிறது. இன்றும் முறுக்கு பிழிகிறார், அது மும்பை முழுக்கக் கடைகளுக்குப் போகிறது. யாரும் சாதனை என்று எழுத மாட்டார்கள். எழுதவும் வேண்டாம், சும்மா உட்கார ஒரு நாள் கிடைத்தால் போதும்.

மாட்டுங்கா ரசிகை:

தம்பி, பாப்பம்மாள் விஷயத்தில் நீங்கள் சொல்வது எனக்கு உறைக்கிறது. ஆனால் உங்கள் அம்மாவுக்கு ஓய்வு மட்டும்தான் வேண்டும் என்று நீங்களே முடிவு செய்கிறீர்களா? அவரிடம் கேட்டீர்களா? வீட்டில் மற்றவர்கள் முடிவு செய்வது பற்றித்தான் நான் முதலில் எழுதினேன்.

டோம்பிவிலி அக்கா:

நான் 58 வயதில் வேலையில் இருந்து ஓய்வு பெற்று, இப்போது இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. வரலாறு படிக்கிறேன். அங்கே உச்ச வயது வரம்பு கிடையாது. அதற்கு முன் ஒரு கல்லூரியில் நேரடி வகுப்புக்கு விசாரிக்கப் போனேன். கவுண்டரில் இருந்தவர் "யாருக்கு, பொண்ணுக்கா?" என்று கேட்டார். எனக்குத்தான் என்றதும் படிவத்தைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டார். அதனால் ரசிகை சொல்வது எனக்கு நன்றாகவே தெரியும்.

கேரளத்துக் கார்த்தியாயினி அம்மாவைப் பற்றி இங்கே இன்னும் யாரும் பேசவில்லை. ஆலப்புழைப் பக்கத்துக்காரர், தெருவும் கோயிலும் கூட்டிப் பிழைத்தவர், பள்ளிக்கே போனதில்லை. 2018-இல் 96 வயதில் மாநில எழுத்தறிவுத் தேர்வில் நூற்றுக்கு 98 வாங்கினார். செம்பூர் சார், இவருக்கு எந்த இருபது வருடத் தயாரிப்பு இருந்தது? உங்கள் கணக்கில் இவர் எங்கே வருவார்? அறுபதை எட்டிய மகள் பத்தாம் வகுப்புக்குச் சமமான தேர்வில் தேறியதைப் பார்த்துத்தான் இவருக்கு ஆசையே வந்தது. அதுவும் கேட்ட ஒரு கதைதானே? ஒரு பெண் செய்ததைப் பார்த்து இன்னொரு பெண் செய்தார்.

தாராவிக்காரன்:

அக்கா, அந்த ஆசைக்குப் பின்னால் கேரள எழுத்தறிவு இயக்கம் நின்றது. பாடப்புத்தகம் இருந்தது, கற்றுக்கொடுக்க ஆள் இருந்தார், 96 வயதுக்காரரை உட்கார வைத்து எழுத வைக்க ஒரு தேர்வு இருந்தது. ஆசை எங்கள் தெருவிலும் இருக்கிறது. ஆள்தான் இல்லை.

செம்பூர் வாசகர்:

கார்த்தியாயினி அம்மா பற்றிக் கேட்டீர்கள். கற்பதற்கு வயது தடை என்று நான் எங்கும் சொல்லவில்லை அம்மா. படித்துத் தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, மறுபடி எழுதலாம். பணத்தைப் போட்டுத் தோற்றால் அறுபதில் மறுபடி சம்பாதிக்க முடியாது. இந்த இரண்டையும் ஒரே மேடையில் ஒரே மூச்சில் சொல்வதைத்தான் எதிர்க்கிறேன்.

தொழில் விஷயத்துக்கு ஒரு ஆய்வே இருக்கிறது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தரவை வைத்துச் செய்தது. மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்று என்ற அளவிலான கம்பெனிகளை எடுத்துப் பார்த்தால், தொடங்கியவர்களின் சராசரி வயது தொடங்கும்போது 45. கல்லூரியை விட்டு வந்த இருபது வயதுப் பையன்கள் அல்ல.

மாட்டுங்கா ரசிகை:

அப்படியானால் அது என் பக்கம்தானே சார் பேசுகிறது? வயது ஏற ஏற வாய்ப்பு கூடுகிறது என்றுதானே அர்த்தம்?

செம்பூர் வாசகர்:

முழுக்கச் சொல்லி முடிக்கவில்லை. அதே ஆய்வில், அதே துறையில் முன்பு வேலை பார்த்தவர்களுக்குத்தான் வாய்ப்பு நன்றாகக் கூடியது என்றும் வருகிறது. கணக்குப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர் சின்னக் கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு பார்க்கட்டும். முதலீடு ஒரு மேசையும் கம்ப்யூட்டரும்தான். அதில் அவர் நாளைக்கே கெட்டிக்காரர். மாவு அரைத்தே தீர வேண்டும் என்றால், முதலில் ஆறு மாதம் இன்னொருவர் கடையில் நின்று பார்க்கட்டும், பி.எஃப். பணத்தைத் தொடாமல்.

முலுண்ட் லெக்ஸ்பின்:

இதை ஏற்கிறேன். ஆனால் வயது வரம்புகளைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 32 வயது. கணிதத்தில் ஃபீல்ட்ஸ் பதக்கம் நாற்பதைத் தாண்டினால் கிடையாது. யிடாங் ஜாங் பகா எண்களின் இடைவெளி பற்றிய அந்தப் பெரிய நிரூபணத்தை 2013-இல் கொண்டுவந்தபோது ஐம்பதுகளின் பிற்பாதியில் இருந்தார். முனைவர் பட்டம் வாங்கியபின் ஒழுங்கான கல்லூரி வேலை கிடைக்காமல் சாண்ட்விச் கடையில் கணக்கு எழுதியவர். அந்தப் பதக்கத்தின் வரம்பு அவருக்கு ஒத்துவராது. ஊக்கப் பேச்சைவிட இந்த வரம்புகளில் சிலதை எடுத்தால் அதிகம் பேர் வெளியே வருவார்கள் என்பது என் நம்பிக்கை.

தாராவிக்காரன்:

ரசிகை அம்மா கேட்டதற்குப் பதில். நேற்று இரவு அம்மாவிடம் கேட்டேன். ஓய்வும் வேண்டும், வங்கியில் கைநாட்டு வைப்பதை நிறுத்தவும் வேண்டும் என்றார். இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை. பக்கத்து வீட்டு மூன்று பேரும் அதையே சொன்னார்கள். மத்திய அரசின் உல்லாஸ் திட்டம் 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கானது என்கிறார்கள். ஆனால் அதுவும் தன்னார்வலர்களை நம்பித்தான் ஓடுகிறது.

டோம்பிவிலி அக்கா:

நான் வருகிறேன் தம்பி. டோம்பிவிலியில் இருந்து சயன் வரை ஒரே வண்டி, அங்கிருந்து நடந்துவிடலாம். வாரநாளில் எனக்கு வகுப்புக் கட்டுரைகள் இருக்கும், சனிக்கிழமை சரிப்படுமா?

மாட்டுங்கா ரசிகை:

நானும் வருகிறேன், எனக்குக் கிங்ஸ் சர்க்கிள் பக்கம்தான். முதல் நாளே கார்த்தியாயினி அம்மா கதையைத்தான் சொல்வேன். செம்பூர் சார் ஆட்சேபித்தாலும் சரி.

தாராவிக்காரன்:

சனிக்கிழமை ஆறு மணிக்கு மேல் வாருங்கள். அதுவரை எண்ணெய்ச் சட்டி அடுப்பில் இருக்கும், வீட்டில் உட்கார இடமும் இருக்காது. அரிச்சுவடி தமிழில் இருந்தால் நல்லது, கொஞ்சம் பெரிய எழுத்தில். நாலு பேரில் இருவருக்குக் கண்ணில் புரை.